நிரம்பிய கட்டங்கள்

“அந்த நெஞ்சுக்கறியைக் கீழ வைடி. அது ஷரீஸுக்கு,” என்று அம்மா வெர்லீனின் கையைத் தட்டிவிட்டாள்.

தேவாலயம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. வெர்லீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு கோழித்துண்டுக்கு முகம் சுருங்குகிற வயதல்ல. ஆனாலும் சுருங்கியது.

“போதகர் நம்ம ஷரீஸை அத்தனை பேர் முன்னாலயும் எந்திரிச்சு நிக்கச் சொன்னாரே, ‘நம்ம ஊரு பதிவு நர்ஸ்’னு! எனக்குப் பெருமை தாங்கல,” என்றாள் அம்மா.

“நானும் நர்ஸுதாம்மா. பத்தொம்பது வருஷமா.”

“நீ துணை நர்ஸு. அதையும் இதையும் ஒண்ணாக்காத.”

“விடும்மா, சாப்பிடு,” என்றாள் ஷரீஸ். தங்கை அப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னதுதான் அக்காவுக்கு இன்னும் எரிந்தது.

அப்பா போனபோது வெர்லீன் ஒரு வருஷத் துணை நர்ஸ் படிப்போடு நின்று வேலைக்குப் போனாள். “சின்னவ முழுசாப் படிச்சு முடிக்கட்டும், அப்புறம் நீ போ” என்று சொன்னவளும் அம்மாதான். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை.

அலபாமாவில், பருத்தி வயலை ஒட்டிய ஒரே முதியோர் இல்லத்தில்தான் இரண்டு பேருக்கும் வேலை. அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டுப் படிவம் எழுதவேண்டும். ஏழு நாள் கவனித்து, எப்படி நடக்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், உடம்பில் புண் உண்டா என்று கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும். கவனிப்பதும் நிரப்புவதும் வெர்லீன். அதன் கீழே பொடி எழுத்தில் அவள் கையெழுத்து. ஆனால் கடைசிப் பக்கத்தில் பதிவு நர்ஸ் கையெழுத்துப் போட்டால்தான் படிவம் நிறைவு பெறும். துணை நர்ஸ் எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது. ஆறு வருஷமாக அது ஷரீஸின் பக்கம். அவள் வாசல்பக்க அறையில் உட்கார்ந்து, ஆளைப் பார்க்காமலே, தொண்ணூறு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தவளுக்கு உரிமையில்லை, உரிமையுள்ளவள் பார்ப்பதில்லை. இதற்குப் பெயர் ஒழுங்கு.

அந்த வியாழக்கிழமை, ஒரு காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிய டாலிவர் ஐயாவுக்குச் சாப்பாட்டு மேசையில் புரையேறியது. கண்ணெல்லாம் நீர்.

“மகளே, இந்த ரொட்டி என்னைக் கொல்லப் பாக்குது,” என்று சிரித்தார். வெர்லீன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

உதவியாளர்களின் தினக்குறிப்பில் ஏழு நாளும் ‘புரையேறுதல் இல்லை’ என்றிருந்தது. அவர்களுக்கு நின்று பார்க்க ஏது நேரம்? வெர்லீன் ‘உண்டு’ என்று குறித்தால் போதும். விழுங்குவதைச் சோதிக்க ஆள் வருவார், சாப்பாடு குழைவாக மாறும். பேனாவை எடுத்தாள். தொலைபேசி அடித்தது.

“அக்கா, டாலிவர் படிவம் இன்னைக்கே போகணும். முடிஞ்சுதா?”

“ஒரு தடவை வந்து அவரைப் பாத்துட்டுத்தான் போடேன்.”

“எனக்கு எங்கக்கா நேரம்? நீ எழுதினதை நான் பாக்கணுமா என்ன?”

ஷரீஸ் நம்பிக்கையில்தான் சொன்னாள். வெர்லீனின் காதில் அது ஏளனமாக விழுந்தது. தினக்குறிப்பில் உள்ளபடியே ‘இல்லை’ என்று குறித்தாள். என்றைக்காவது அரசாங்க ஆய்வுக்காரர்கள் வந்து கேட்கட்டும், கடைசிப் பக்கத்துப் பெயர்தானே மாட்டும்? போதகர் அப்போதும் எழுந்து நிற்கச் சொல்வாரா பார்க்கலாம்! பொறாமை அவளைக் கெட்டவளாக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு டாலிவரை மறக்கவைத்தது, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கி, டாலிவர் நீலம் பாரித்து விழுந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தலைமை நர்ஸ் ஸ்ட்ரிக்லண்ட் அம்மாள் வெர்லீனைக் கூப்பிட்டனுப்பினாள். வெர்லீன் அந்தப் பதினோரு இரவும் தூங்காதவள்தான். ஆனாலும் தங்கையின் பெயர் அடிபடப்போகிறது என்று ஒரு மூலையில் குறுகுறுத்தது. இப்படியும் ஒரு மனசா என்று தன்னையே வெறுத்தாள்.

“எச்சரிக்கைக் கடிதம் உனக்குத்தான், வெர்லீன்.”

“எனக்கா? கடைசிக் கையெழுத்து ஷரீஸோடதுங்களே?”

“அது எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்குன்னு சொல்ற கையெழுத்து. நிரப்பினது உண்மைன்னு சொல்றது உன்னோடது.”

வெர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று சொல்லும் ஒரு கையெழுத்துக்காகவா ஆறு வருஷம் வயிறெரிந்தாள்? எழுந்து நிற்கும் மரியாதை மேலே இருப்பவளுக்கு, பழி கீழே இருப்பவளுக்கு. நடந்ததை மறைக்காமல் அங்கேயே எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

டாலிவர் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். புதுப் படிவம் எழுதவேண்டியிருந்தது. ஏழாம் நாள் ஷரீஸே அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ஒரு கட்டம் காலியா இருக்கு. புரையேறுற கேள்வி.”

“தெரியும்.”

“காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதுக்கா.”

“போடாத.” வெர்லீன் நிமிர்ந்தாள். “போன தடவை அவருக்குப் புரையேறினதைக் கண்ணால பாத்தேன் ஷரீஸ். பாத்துட்டுதான் ‘இல்லை’ன்னு போட்டேன். உம்பேரு மாட்டட்டும்னு. பொறாமைல.”

ஷரீஸ் படிவத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பாவம் என்னோடது. ஆனா இந்தக் கட்டத்தை இனிமே நான் மட்டும் நிரப்ப மாட்டேன். இந்த வேலை போனாலும் சரி. பதினொன்றரைக்குச் சாப்பாடு. வந்து உக்காந்து, பாத்து, நீயே எழுது. கீழயும் நீயே கையெழுத்துப் போடு.”

“எனக்கு இன்னும் பதினாலு படிவம் கெடக்கு…”

“கெடக்கட்டும்.”

பதினொன்றரைக்கு வந்தாள். வெர்லீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். டாலிவர் கண்ணைச் சுருக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வருஷத்தில் இருபத்துநாலு தடவை அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள்.

“யாரும்மா நீ? புதுசா வேலைக்குச் சேந்த பொண்ணா?”

ஷரீஸின் கை கரண்டியோடு நின்றது.

“ஆமாங்கய்யா,” என்றாள். “இன்னைக்குத்தான்.”