தங்கூசியை அறுத்த கை

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. இராஜாக்கமங்கலம் பக்கம் கால்நடை ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் பெமிலா, "இத எழுதிராதீங்க" என்று சொல்லித்தான் போனில் சொன்னார். கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதாமல் என்ன செய்ய?

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக" … சே, கடலை யார் கேட்டார்!

2

தூண்டில்காரர் மரியஜானின் நாய் ராக்கி. பதினொரு வயது, இதயம் பலவீனம். காலையில் இரை கோத்து வைத்திருந்த தூண்டில் முள்ளை அப்படியே விழுங்கிவிட்டது. வாயோரம் ஒரு முழம் தங்கூசி, முள்ளில் கட்டியிருந்த நைலான் நரம்பு, தொங்கியது. அவர் மனைவி இசபெல் அலறிக்கொண்டே அதை இழுக்கப் போனாள்.

"சும்மா இரி ஏட்டி. இழுத்தாத்தான் கிழியும். எனக்குத் தெரியும்" என்றார் மரியஜான். முப்பது வருஷத் தொழில். ராக்கியின் வாயைப் பிளந்து, நரம்பைத் தொண்டையோடு ஒட்ட அறுத்துவிட்டு, ஆட்டோ பிடித்தார்.

[இங்கே அவரை முட்டாளாக்கி ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அவர் முட்டாள் இல்லை.]

3

எக்ஸ்ரேயில் தூண்டில் இரைப்பையின் வாசலில் குத்தி நின்றது.

"நரம்பு எங்க அண்ணா?" என்றார் பெமிலா.

"அறுத்துட்டேன். கடல்ல ஆமை விழுங்கினா அப்பிடித்தானே அறுத்து விடுவோம்."

பெமிலா எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "அய்யோ அண்ணா! அந்த நரம்பு இருந்திருந்தா, மயக்கம் குடுத்து, அதிலயே ஒரு குழாயக் கோத்து இறக்கி, தூண்டிலக் கழட்டியிருப்பேன். கத்தியே வைக்கண்டாம்."

மரியஜான் ராக்கியின் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ நான் விட்ட ஆமையெல்லாம் செத்திருக்குமோ, டாக்டரே?"

(நான் இதற்கு ஒரு பதில் எழுதினேன். பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

இனி இரண்டு வழி. இங்கேயே வயிற்றைத் திறக்கலாம். அந்த இதயம் தாங்குவது பாதிக்குப் பாதிதான். இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் கேமராக் குழாய் விட்டு எடுக்கலாம். வெட்டு கிடையாது. ஆனால் இரண்டு மணி நேரச் சாலை, குலுக்கலில் தூண்டில் கிழித்தால் வழியிலேயே முடிந்தது.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ராக்கி பிழைத்து மணலில் … வேண்டாம். மரியஜான் எதைச் சொன்னார் என்று பெமிலா சொல்ல வாயெடுத்ததுமே நான் போனை வைத்துவிட்டேன். பயம்தான், வேறென்ன! அதனால் முடிவு எனக்கும் தெரியாது.

"நீங்களே சொல்லுங்க டாக்டரே. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார் அவர்.

"ஒங்க நாய் அண்ணா. நீங்கதான் சொல்லணும்."

மரியஜான் இப்போது உங்களைப் பார்க்கிறார். வெட்டா, சாலையா, எதையாவது சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ராக்கியின் வாயோரம் ரத்தம் வரத் தொடங்கிவிட்டது.