இறைச்சி கழுவிய தண்ணீர்

இரண்டு பன்றிகளில் ஒன்று விடிவதற்குள் செத்துப்போயிருந்தது. மற்றது வழக்கம்போல் கொட்டில் வேலியில் முதுகை உரசிக்கொண்டு நின்றது. அதற்கு ஒன்றுமில்லை என்று சாதித்தாள் பராஸ்கிவா. மகள் ஸ்மராண்டாவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. புக்கரெஸ்டு ஆய்வுக்கூடத்தில் பன்றிகளைக் கூண்டோடு கொல்லும் இதே காய்ச்சலைத்தான் அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். கால்நடை அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னதும் அவள்தான்.

“எப்படிம்மா உள்ள வந்துச்சு?”

“பக்கத்து வீட்டு டுடோரெலோட பன்னி தீனி எடுக்கல. சாகறதுக்குள்ள வெட்டிட்டான். தெருவுக்கே பங்கு குடுத்தான். வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா?”

“கழுவின தண்ணி?”

“தவிட்டுலதான் ஊத்தினேன். நீ ஊத்தினதில்லையா?”

ஊத்தியிருக்கிறாள். அதை மண்ணில் கொட்டினால் திமிர் பிடித்தவள் என்று சொல்லும் தெரு அது. அத்தனை படிப்பைக் கரைத்துக் குடித்தும், அந்தத் தண்ணீரிலேயே நோய் பரவும் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

“ஒரு ஊசி போடேன்டி. படிச்சவதானே.”

“நம்ம பக்கம் இதுக்கு ஊசி கெடையாதும்மா. கிருமியைப் பிடிச்சுத் தின்ன வேண்டிய ரத்த அணு அதை விழுங்குது, ஆனா கொல்ல முடியல. உள்ள போனதும் கிருமியோட புரதம் அந்த அணுவோட வாயை அடைச்சிடுது. பக்கத்து அணுவுக்கு ஆபத்துன்னு சொல்லக்கூட முடியாது.”

“அப்ப அந்தப் புரதத்தை அடைங்க.”

“ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு அதே வேலையப் பாக்குது. வருஷக்கணக்கா அதோடதான் மல்லுக்கட்டறோம்.”

“நல்லா மல்லுக்கட்டினீங்க. அதுக்குள்ள நான் எத்தன பன்னி வளத்துட்டேன்.”

மதியம் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். நோய் கண்ட கொட்டிலில் எதையும் உயிரோடு விடுவதில்லை. அவர்களைப் பார்த்ததும் பன்றி மூலையில் ஒண்டிக்கொண்டது. கயிறு போட்டார்கள், பலகை வைத்துத் தள்ளினார்கள். அது அசையவில்லை. வியர்த்துப்போன அதிகாரி பராஸ்கிவாவிடம் வந்தார்.

“நீங்க கூப்பிட்டா வரும்மா. அதுக்கும் வேதனை கம்மி.”

பராஸ்கிவா மகளைத் திரும்பிப் பார்த்தாள். விட்டுவிடச் சொல்லி மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. ஸ்மராண்டாவுக்கு அழுகைதான் வந்தது.

“குட்ஸ், குட்ஸ்,” என்று தினமும் தீனிக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள் பராஸ்கிவா.

பன்றி எழுந்து, வெள்ளை உடுப்புகளை விலக்கிக்கொண்டு வந்து, அவள் கையில் தீனி தேடியது.