பெரியவளுக்குக் கட்டிய குழை

ஆட்டுப் பட்டி இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர் மிருகம் வளர்ப்பது எப்படி என்று வகுப்பெடுத்தால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. அந்தக் கோபத்தில்தான் எல்லாம் நடந்தது.

அந்த மனிதர் என் கணவர் தியாகலிங்கம். ரொறன்ரோவுக்கு வந்து இவர் ஆறு வருடம் வேலை செய்த தொழிற்சாலையைத் தொண்ணூற்றைந்தில் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அஜின்கோர்ட் வீட்டில் வாயைத் திறக்காமல் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் “ஓம்.” அதைத் தவிர ஒரு சொல் இல்லை. பிறகு ஒருநாள் ஏதோ விவசாயக் கண்காட்சி பார்த்துவிட்டு வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றார்.

“நாயகி, நாங்கள் அல்பாக்கா வளர்ப்பம்.”

படத்தைக் காட்டினார். ஒட்டகத்தின் கழுத்து, செம்மறியின் உடம்பு, மை தீட்டினது போலக் கண்.

“பால் தருமோ?”

“இல்லை.”

“இறைச்சி?”

“சீச்சீ! உரோமம். கத்தரிச்சு விக்கலாம்.”

“உங்களுக்கென்ன விசரே? தலைமயிருக்காக ஆரும் மிருகம் வளர்ப்பினமோ?”

நான் கத்தியது கத்தியதுதான், அவர் கேட்கவில்லை. தொழிற்சாலை கொடுத்த நட்டஈட்டை முழுதாய்ப் போட்டார். விட்பிக்கு வடக்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் எட்டு ஏக்கர் புல்தரையும் பழைய கொட்டில் ஒன்றும் குத்தகைக்கு எடுத்தார். மூன்று பெட்டைகள் வந்து இறங்கின. பெரியவள், நடுவிலாள், சின்னவள் என்று பெயர் வைத்தார். தமிழ்க்கடையில் இவருக்கு ‘ஒட்டகக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு முதலில் சிரித்தது நான்தான்.

ஆனால் மனிதர் பேசத் தொடங்கினார். விடிய ஒருதரம், பின்னேரம் ஒருதரம் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு பேக்கரி வேலை இல்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கார் ஏறினால் போய்ச் சேரும்வரை ஓயாத கதை. மூன்றும் மூக்கால் ‘ம்ம்’ என்று முனகுமாம், ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு கருத்தாம். மூன்றும் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடுமாம், எவ்வளவு துப்புரவு பார் என்பார். பெரியவள் குட்டித்தாய்ச்சி. ஆவணியில் குட்டி போடும் என்று கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். “இண்டைக்குப் பெரியவள் என்ர காதை மணந்து பாத்தவள், நாயகி” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமை. என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை காலம்.

தொண்ணூற்றேழு ஆனியில் ஒரு ஞாயிறு. சின்னவளுக்கு, பேக்கரியில் இருந்து கொண்டுவந்த பாணில் ஒரு துண்டு நீட்டினேன். நிலக்காரக் கிழவருக்கு முன்னால் வைத்தே இவர் சொன்னார், “என்னைக் கேக்காமல் ஒண்டும் குடுக்காதையும், நாயகி. இது ஆடு இல்லை. உமக்கு உது விளங்காது.”

எனக்கு விளங்காதாம்! இவர் அதுகளுக்கு நக்க உப்புக்கட்டி வாங்க விட்பிப் பட்டினத்துக்குப் போனார். கிழவர் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

வேலிக்கு வெளியே ஒரு பெரிய கொப்பு முறிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமைக் காற்றுக்கு விழுந்திருக்க வேண்டும். இலை இலேசாக வாடியிருந்தது. ஊரில் ஆட்டுக்கு வெட்டிப் போடும் இலைக்குழை வாடினால் ஆடுகள் இன்னும் ஆசையாய்த் தின்னும். எட்டும் உயரத்தில் தொங்கக் கட்டிவிட்டால் எக்கி எக்கி இழுத்துத் தின்கிற அழகே வேறு. நான் சிறு கொப்புகளாக முறித்துக் கட்டாக்கி, கொட்டிலில் கிடந்த கயிற்றால் கம்பத்தில் கட்டினேன். பெரியவள்தான் முதலில் வந்தாள். மற்ற இரண்டையும் காதை மடக்கித் துரத்திவிட்டு முழுக்கத் தானே தின்றாள். அந்தச் சின்ன வாய் இலையை உருவுகிற வேகம்! “பாத்தியே, உன்ர ஐயாவுக்குத்தான் ஒண்டும் தெரியாது” என்று அவளிடம் சொன்னேன். எனக்குப் பெரிய சந்தோசம். இவர் வந்ததும் காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன்.

அரைமணித்தியாலம்கூட இருக்காது. பெரியவள் தள்ளாடினாள். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள். முன்னங்கால் இரண்டும் மடிந்து விழுந்தாள். இவருடைய கார் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரியவளிடம் ஓடவில்லை. கம்பத்துக்கு ஓடினேன். கட்டை அவிழ்த்து, மிச்சக் கொப்புகளை வேலிக்கு வெளியே அந்தப் பெரிய கொப்புக்குப் பக்கத்திலேயே எறிந்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. ஆனால் அது என்னுடைய கைதான்.

மிருக வைத்தியர் வந்து சேர எல்லாம் முடிந்துவிட்டது. இளம் பெண். வயிற்றை அறுத்துப் பார்த்தவர், பக்கத்தில் காட்டுச் செரி மரம் நிற்கிறதா என்று கேட்டார். அதன் இலை வாடினால் கடும் நஞ்சாம், இரண்டு கைப்பிடியே போதுமாம். குட்டியும் உள்ளே செத்துக் கிடந்தது. அதற்கும் அதே மை தீட்டின கண்.

இவர் வேலியைச் சுற்றி நடந்து போனார். கொப்பைக் கண்டார். இலை உருவின சிறு கொப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். வேலிக் கம்பிக்குள்ளால் கழுத்தை நீட்டித் தின்றிருக்கிறாள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

“நேற்றே கண்டனான், நாயகி. பிறகு இழுத்தெறிவமெண்டு விட்டிட்டன். நான்தான் அவளைச் சாக்காட்டிப்போட்டன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“வேலியைச் சுத்திப் பாக்கத் தெரியாத மனிசருக்கு மிருகம் ஒரு கேடு! நான் அண்டைக்கே சொன்னனான்தானே!”

கடவுளே, என்ன வாய் இது! இவர் ஓமென்று தலையை ஆட்டினார்.

மற்ற இரண்டும் பெரியவள் விழுந்த இடத்தில் நாள்கணக்காக நின்று முனகின. இவர் மெலிந்து போனார். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார், “மற்ற ரண்டையும் குடுத்திடப்போறன். என்ர கையில இருந்தால் அதுகளையும் சாக்காட்டிப்போடுவன்.” நான் முதல்நாளிலிருந்து கேட்டது அதைத்தான். இப்போது கிடைத்துவிட்டது. அடுத்தநாள் முழுக்க பேக்கரியில் பாணைத் தட்டுத் தட்டாகக் கருக்கிவிட்டு ஏச்சு வாங்கினேன்.

வாங்க ஆள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை. காரில் இருவரும் போகிறோம். இவர் ஒரு சொல் பேசவில்லை. அஜக்ஸ் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை.

“இஞ்சேருங்கோ, அதுகளைக் குடுக்கவேண்டாம். பெரியவளைச் சாக்காட்டினது நான். அந்தக் கொப்பை முறிச்சுக் குழை கட்டினது நான். நீங்கள் வரேக்க அவிட்டு எறிஞ்சதும் நான். நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை.”

காரை ஓரத்தில் நிறுத்தினார். அடித்தாலும் வாங்கத் தயாராக இருந்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

“எனக்காக நீர் பொய் சொல்லவேண்டாம், நாயகி.”

“பொய்யோ? கோயில்ல வைச்சுச் சத்தியம் பண்ணட்டோ? நான் கட்டினனான்! என்ர ரண்டு கையால கட்டினனான்!”

“மிருகத்தோட வளந்த ஆள் நீர். உம்மட கை அப்பிடிப் பிழை விடாது. விட்டிருந்தாலும் அண்டைக்கு என்னை அப்பிடி ஏசியிருக்கமாட்டீர். அவ்வளவு பொல்லாத ஆளில்லை நீர். எனக்குத் தெரியாதே?”

மூன்று தரம் சொன்னேன். கத்திச் சொன்னேன், அழுது சொன்னேன். அழ அழ அவருக்கு என் சொல்லில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. தன் லேஞ்சியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

நடுவிலாளும் சின்னவளும் முனகிக்கொண்டே வண்டியில் ஏறினார்கள். வாங்க வந்த பெண்மணியிடம் இவர் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லி, “என் மனைவி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள்” என்றார். அந்தப் பெண் கண்கலங்கி என் தோளைத் தடவினாள். நான் நன்றி சொன்னேன்.

இரண்டு வருடமாகிறது. இவர் அதுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. என்னோடு மட்டும் நல்ல மாதிரி. நான் எதற்குக் கத்தினாலும், “உம்மட மனம் எனக்குத் தெரியும், நாயகி” என்கிறார். காலையில் எனக்கு முதல் எழும்பித் தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி, ஆறாமல் கொண்டுவந்து தருகிறார். நான் வாங்கிக் குடிக்கிறேன்.