பழைய பதினாலு

அய்யாசாமி நகருக்கு வந்து பதினாலாம் நம்பர் வீடு எங்கேன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. வழி சொல்ல மாட்டாங்க. "பழைய பதினாலா, புதுப் பதினாலா?"ன்னு உங்களையே திருப்பிக் கேப்பாங்க.

புதுப் பதினாலு நான், பானுமதி. பழைய பதினாலு எதிர்வீட்டு தெய்வநாயகி டீச்சர். மொதல்ல மனை வாங்கின வரிசையிலதான் நம்பர் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் யாரோ பெயின்ட் டப்பாவோட வந்து, தெருக்கோடியிலேர்ந்து ஒழுங்கா எண்ணி எழுதிட்டுப் போனாங்க. டீச்சர் வீடு பதிமூணு ஆயிடுச்சு. அந்த நம்பரை யார் வெளிய சொல்வா? அவங்க பழசையே சொல்லிட்டு இருந்தாங்க. தபால்காரர் புது நம்பரைத்தான் பாப்பார். அதனால டீச்சர் கடுதாசி எல்லாம் என் வீட்ல வந்து விழும்.

எனக்கு அது கஷ்டமாவே இல்ல. எடுத்துட்டுப் போனா காபி குடிக்காம அனுப்ப மாட்டாங்க. வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுச்சு.

எங்க நகர் முன்னாடி ஏரி. முன்னாடின்னு என்ன, இப்பவும் ஏரிதான். கார்த்திகை மாசம் வந்து நின்னு பாருங்க, தெரியும். அதனால இங்க கையில நாலு காசு சேர்ந்தா நகை வாங்க மாட்டோம், வாசலை ஒசத்துவோம். நான் ஒரு அடி ஒசத்தினா தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். அவங்க ஒன்றரை அடி ஒசத்துவாங்க. மொத மொதல்ல கட்டின வீடுங்களுக்கெல்லாம் இப்ப படி எறங்கித்தான் போகணும். டீச்சர் வீட்டுக்கு மூணு படி.

இன்னொண்ணு, விமானம். மீனம்பாக்கத்துல எறங்கறது எல்லாம் எங்க மொட்டைமாடித் துணியை உரசாத குறையாத்தான் போகும். அந்த நேரத்துல பேசறது வீண். அதனால பாதி வார்த்தையில நிறுத்திட்டு, அது போனதும் விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம். கல்யாணப் பேச்சுன்னாலும் சரி, கத்திரிக்காய் பேரம்னாலும் சரி. புதுசா குடி வந்தவங்கதான் கத்திக்கிட்டு இருப்பாங்க.

போன மழைக்கு முன்னாடி நான் மூணு லாரி மண்ணடிச்சேன். மழை வந்துச்சு. தண்ணி நேரா டீச்சர் சமையக்கட்டுக்குள்ள போயிடுச்சு.

"ஏரியைத் தூக்கி என் அடுப்புல ஊத்திட்டியேடி பாவி!"ன்னு முழங்கால் தண்ணியில நின்னு கத்தினாங்க.

"நான் மட்டுமா ஒசத்தினேன்? தெருவே ஒசத்துது. நீங்களும் ஒசத்திக்க வேண்டியதுதானே?"

"வர்ற பென்ஷன்ல சோறு திங்கறதா, மண்ணடிக்கறதா? மூளை இருக்கா உனக்கு?"

மூளைன்னதும் எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், விமானம் வந்துடுச்சு. ரெண்டு பேரும் வாயை மூடிட்டு நின்னோம். அரை நிமிஷம் இருக்கும். சொல்லலாமா வேணாமான்னு யோசிக்க அது தாராளமான நேரம். யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் சொன்னேன்.

"பெத்த பொண்ணை வீட்ல வச்சுக்கத் தெரியல, வீட்டைக் காப்பாத்த வந்துட்டாங்க!"

டீச்சருக்கு இருக்கறது அருள்செல்வி ஒருத்திதான். புருஷன் போனப்புறம் தனியா வளர்த்த பொண்ணு. கூட வேலை பாத்த தெலுங்குப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. டீச்சர் அவ பேரைக்கூட எடுக்க மாட்டாங்க. நான் சொன்னதைக் கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. என் நாக்குல தேள் கொட்ட.

அப்புறம் பேச்சுவார்த்தை கெடையாது. அவங்க தபால் வந்தா இஸ்திரிக்காரர் கண்ணையன் கையில குடுத்து அனுப்புவேன்.

அந்தக் கண்ணையன் திருவிழான்னு ஊருக்குப் போயிருந்தப்பதான் அந்த இன்லேண்ட் லெட்டர் வந்துச்சு. 'நம்பர் 14'ன்னு போட்டிருந்தது அருள்செல்வி கையெழுத்து. கோலம் மாதிரி சுழிச்சு சுழிச்சு எழுதுவா, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஃப்ரிட்ஜ் மேல வச்சேன். நானா போய் அந்த மூணு படி எறங்கறதான்னு வீம்பு. ஒம்போது நாள் அங்கயே கெடந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில தூசி தட்டறப்ப கையில பட்டுச்சு. இன்லேண்டை ரெண்டு பக்கமும் அமுக்கினா நடுவுல வாய் திறக்கும். தப்புதான். ஒரு கண்ணை மூடிக்கிட்டு உள்ள பாத்தேன்.

'இருபத்தி நாலாம் தேதி, ஞாயிறு காலை பத்தரைக்கு சைதாப்பேட்டையில வளைகாப்பு. மொத வளையல் நீதான் போடணும். அப்பா இல்லைன்னு யாராவது உன்னைத் தள்ளி நிக்கச் சொன்னா நான் கையே நீட்ட மாட்டேன். நீ வரலைன்னா நான் உனக்கு வேணாம்னு புரிஞ்சுக்கறேன். இனிமே எழுத மாட்டேன்.'

இருபத்தி நாலு இன்னிக்குத்தான். கடியாரத்தைப் பாத்தேன். ஒம்போதரை. செருப்புகூடப் போடாம ஓடினேன்.

டீச்சர் முறத்துல அரிசி வச்சு கல்லு பொறுக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பாத்தாங்க.

"கண்ணையன் இன்னும் வரலியா?"

"வரல டீச்சர். இது ஒம்போது நாளா எங்க வீட்ல இருக்கு. யாரோடதுன்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தேன். இப்ப எட்டியும் பாத்துட்டேன். என்னை அப்புறம் என்ன வேணா செய்யுங்க, மொதல்ல படிங்க. நேரமில்ல!"

கிழிச்சாங்க. படிச்சாங்க. மறுபடியும் மேலேர்ந்து படிச்சாங்க. மடியிலேர்ந்து முறம் சரிஞ்சு அரிசி தரையெல்லாம் சிதறுச்சு. என்னைப் பாத்து வாயைத் திறந்தாங்க.

அப்ப பாத்து விமானம் வந்துடுச்சு.

இத்தனை வருஷத்துல டீச்சர் விமானத்துக்கு அடியில பேசி நான் பாத்ததில்ல. அன்னிக்குப் பேசினாங்க. கண்ணுல தண்ணி கொட்டுது, விரலை நீட்டி நீட்டி, மூஞ்செல்லாம் செவந்து, நிறுத்தாம பேசறாங்க. எனக்கு ஒரு எழுத்துகூடக் கேக்கல. சத்தம் தேஞ்சு அடங்கறதுக்குள்ள அவங்களும் முடிச்சுட்டு, முந்தானையால மூஞ்சைத் தொடைச்சுக்கிட்டாங்க.

"என்ன டீச்சர் சொன்னீங்க?"

"உன்னைத் திட்டினேன். ஒம்போது நாளுக்கும் சேத்து, அன்னிக்கு நீ சொன்னதுக்கும் சேத்து."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே."

"கேக்கக் கூடாதுன்னுதான்டி அப்பவே திட்டி முடிச்சேன்" அப்படின்னு சொல்லிக்கிட்டே பீரோவைத் திறந்து பட்டுப்பொடவையை எடுத்தாங்க. "நின்னு அழாத. போய் ஆட்டோ கூப்பிடு. வளையல் சைதாப்பேட்டை ரயில் ஸ்டேஷன் வாசல்ல வாங்கிக்கலாம். நீயும் ஒரு நல்ல பொடவை கட்டிக்கிட்டு வா."