இரண்டு மணி நேரச் சோதனை

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தபோது காலை பத்தே கால். இன்குபேட்டரைத் திறந்து பன்னிரண்டு சிறு கிண்ணங்களை வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றிலும் மெல்லிய சவ்வின்மேல் குடல் செல்கள் சுவர்போல வளர்ந்திருந்தன. ஆறு கிண்ணங்களுக்கு மூன்று நாளாக மூலிகைச் சாறு ஊற்றியிருந்தேன். மற்ற ஆறுக்கு வெறும் திரவம். இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க அத்தானின் முறை.

அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அவர் உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆறுக்குக் குறையக் கூடாது. போன மாதம் நாலு. போன வாரம் இரண்டு. மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். இன்றும் ஏறவில்லையென்றால் சேர்த்துக்கொண்டு ஊசி மருந்து தொடங்க வேண்டும் என்றார். அந்த மருந்து ஏறினால் உடம்பில் எதிர்ப்பே இருக்காது, சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

வேறு ஏதாவது பொடி, வேர், இலை சாப்பிடுகிறீர்களா என்று அன்று அவர் கேட்டார். அத்தான் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"மூணு வேளை சாப்பாடு, ரெண்டு வேளை திட்டு. வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

கடைகளில் விற்கும் மூலிகைகள், குடல் வழியாக மருந்து உள்ளே போவதைத் தடுக்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. இப்போது கிண்ணங்களில் இருக்கும், தூக்கத்துக்கான மூலிகையையும் முன்பு நான்தான் சோதித்தேன். விதிமுறைப்படி செல்களில் சாறு பட்டது இரண்டு மணி நேரம். மருந்து தடையில்லாமல் கடந்தது. 'பாதிப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தான் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆய்வகப் பொருளை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். ஆனாலும் அவருக்கு வாரம் ஒரு பொட்டலம் பொடி எடுத்துப்போனேன். அக்காவுக்குச் சொல்லவில்லை.

டாக்டர் கேட்ட அன்றுதான் உறைத்தது. அத்தான் குடித்தது இரண்டு மணி நேரம் அல்ல, ஆறு வாரம். குடல் செல்லின் சுவரில், வரும் மருந்தைத் திரும்ப வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. தினமும் இந்தச் சாறு பட்டால் செல் புதுப்புதுப் பம்புகளைக் கட்டிக்கொள்ளலாம். பொடியை நிறுத்தினாலும் அவை கலைய நாளாகும். அத்தானுக்குப் போன் செய்து, பொடியைத் தொட வேண்டாம், உறுதியாகத் தெரியும்வரை யாரிடமும் சொல்லவும் வேண்டாம் என்றேன்.

"சரி விஞ்ஞானி," என்றார். "மாத்திரை போடறதுக்குத் தவிர வேற எதுக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

நான் கேட்டது எவ்வளவு பெரியது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு எண்கள் வந்தன. வெறும் திரவக் கிண்ணங்களில் நூறு பங்கு மருந்து கடந்தது என்றால், மூலிகைக் கிண்ணங்களில் முப்பத்தெட்டு. தாளை மடித்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் டாக்டரின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு காலி நாற்காலி, அதில் அக்காவின் பை. நான் சுவரோரம் நின்றேன். ஒரு வாரமாக அக்காவே மாத்திரையை எண்ணிக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். அப்படியும் இன்றைய அளவு ஒன்று புள்ளி எட்டு.

"முழுங்கின மாதிரி காட்டிட்டு எங்கயோ போய்த் துப்பறாரு," என்றாள் அக்கா. அவள் அவரைப் பார்க்கவில்லை. "இன்னும் ஒரு கிட்னி என்கிட்ட இருக்கே. கேட்டா அதையும் குடுத்துடுவேன்னு நினைப்பு."

அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கான சீட்டை எழுதி முடித்து, கையெழுத்துக்காக அவர் பக்கம் திருப்பி வைத்தார். அத்தான் பேனாவை எடுத்தார்.

மடித்த தாளைப் பிரித்தேன். டாக்டர் என்று கூப்பிட்டேன். மூவரும் திரும்பினார்கள்.

"அத்தான் ஒரு மாத்திரைகூட விடல," என்றேன். "ஆறு வாரமா ஒரு மூலிகைப் பொடி குடிச்சாரு. எங்க லேப்ல இருந்து எடுத்துட்டு வந்து, நான்தான் குடுத்தேன்."