நடுக்கதவின் ஆணிகள்

"குழலி, ஒரு வாட்டி வந்து தலை வாரி வுடேன். உங்க அண்ணன் சீப்பு புடிச்சா கப்பலுக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரியே கீது."

"நான் எப்பிடி அண்ணி வர்றது? நடுவுல கோர்ட்டு நிக்குது."

"கோர்ட்டு எங்கடி நிக்குது, கதவுதான நிக்குது. அவருகிட்ட கேளு. நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

மழைக்காலத்தில், ஆணி அடித்த நடுக்கதவின் இந்தப் பக்கம் கார்குழலியும் அந்தப் பக்கம் நோயில் விழுந்திருந்த அண்ணி ரமாபாயும் தரையில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. இப்போது வெயில் கொளுத்துகிறது. அண்ணியின் குரல் கதவுவரை வருவதில்லை, இருமல் மட்டும்தான் வருகிறது. கார்குழலி அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை.

ஹார்பரில் வேலை பார்த்த அப்பா எத்திராஜ் ராயபுரத்தில் கட்டிய வீடு. அவர் போன பிறகு முன்கட்டில் அண்ணன் பகலவன், பின்கட்டில் அவள். அண்ணன் வீட்டை விற்கப் பார்க்கிறான் என்று யாரோ காதில் ஓத, பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டாள். அவன் கோபத்தில் நடுக்கதவுக்கு ஆணி அடித்தான். மறுவாரம் கோர்ட் உத்தரவு வந்தது: தீர்ப்பாகும்வரை எல்லாம் இருக்கிறபடியே இருக்கவேண்டும். அந்த எல்லாவற்றிலும் ஆணியும் சேர்த்தி என்று இருவருமே நினைத்தார்கள். பிடுங்கினால் ஜெயில் என்று தெருவில் சொன்னதையும் நம்பினார்கள். வாசல் வழியாகவும் வழியில்லை. "கேஸ் போட்டவ என் படி ஏறக் கூடாது" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கச் சொல்லியிருந்தான்.

இன்று பாரிமுனை கோர்ட்டின் சமரச அறையில் சமரசம் பேசும் வக்கீல் சௌக்கத் அலி சொன்னபோதுதான் அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது.

"இது போலீஸ் கேஸ் இல்லம்மா. இங்க குற்றவாளின்னு யாரும் கிடையாது. உங்க ரெண்டு பேருக்கும் பங்கு என்னன்னு கேக்கிற சிவில் வழக்கு. வீட்ட விக்காதீங்க, இடிக்காதீங்க, அதுக்குத்தான் அந்த உத்தரவு. சம்மதம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டு ஆணிய எடுங்க, யார் வேணாம்னாங்க?"

பகலவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

வராந்தாவில் அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"குடி. வெயிலு."

வழக்குக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"அண்ணி எப்பிடி கீது?"

"இன்னாத்த சொல்ல. கஞ்சிகூட எறங்கல. வூட்லயே வெச்சுப் பாத்துக்கோன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

"தலை வாரி வுட சொல்லிச்சுணா. மழைக்காலத்துல."

"முடி ஏது? மருந்துல எல்லாம் கொட்டிப்போச்சு."

சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அன்றே கேட்டிருந்தால் வாரிவிட அண்ணிக்கு முடி இருந்திருக்கும். கார்குழலி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வாரல. பக்கத்துல உக்காந்துகினு தலைய தடவி வுடறேன். கதவ தொறணா."