விட்டு விட்டுத் தெரிந்த கோடு

ஒரு வியாழக்கிழமை காலை அந்த வீட்டு ஹாலில் ஆளுயரக் கறுப்புக் கோடு ஒன்று முளைத்தது. சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் செங்குத்தாக நின்றது. ஒரு நொடி இருந்தது, மறு நொடி இல்லை, பிறகு மறுபடி இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் முதல் எழுத்துக்காகக் காத்திருந்து மினுங்குமே, அந்தக் கர்சர்தான் என்று வீட்டுக்காரனுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். அவன் மனைவி ஈரக் குடையை அதன் மேல் சாய்த்து வைத்தாள். கோடு இல்லாத நொடியில் குடை விழுந்தது. "சுவரா இருந்தா சுவரா இருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்பதைப் பெரிய சிஸ்டர் ஒரு பலகையில் எழுதி வைப்பார். அந்தக் கையெழுத்து அவருக்கு மட்டும்தான் புரியும். அவரோ ஓய்வு பெறப் போகிறார். அந்தக் கோடு முளைப்பதற்கு முந்தின ராத்திரி இதை அவள் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக் கவலைப்பட்டபோது, பழைய மொழி ஒன்றிலேயே புரோகிராம் எழுதிக் காலம் தள்ளிய கணவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதுக்குப் போயா? புது மொழி ஒண்ணு கத்துக்கிறேன். அதுல ஒரு வாரத்து வேலை. அவங்கவங்க போனுக்கே முறை வந்துடும்" என்றான். மறுநாள் அவள் பெரிய சிஸ்டரிடம் சொன்னாள். பெரிய சிஸ்டர் நோயாளிகளிடம் சொன்னார்.

அவன் சோம்பேறி இல்லை. அதுதான் தொல்லை. மொழியைத் தொடுமுன், புரோகிராம் எழுதும் மென்பொருளான எடிட்டர் நல்லதாக ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தான். முதலாவது, ஓரெழுத்து அடித்தாலே மிச்சத்தைத் தானே எழுதியது. இதில் கற்றால் கை பழகாது என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள், மூடினான். அடுத்ததில் மவுஸே வேண்டாம் என்றார்கள். உள்ளே போனவனுக்கு வெளியே வரும் வழி தெரியாமல் ஒரு பிற்பகல் போயிற்று. இன்னொன்று இலகுவானது, ஆனால் எழுத்து கண்ணை உறுத்தியது. எழுத்துருவை மாற்றினான், பின்னணியைக் கருநீலமாக்கினான், தட்டினால் இனிமையாகச் சத்தம் வரும் கீபோர்டு வாங்கினான். ஒவ்வொன்றிலும் ஒரு புதுக் கோப்பைத் திறந்து, பெயர் வைத்து, ஒன்றும் எழுதாமல் மூடினான். மூடிய ஒவ்வொன்றுக்கும் வீட்டில் இன்னொரு கோடு முளைத்தது. ஆபீசில் அவனுக்கு 'ஏற்பாடு' என்று பெயர் விழுந்தது.

மாதங்கள் ஓடின. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கரண்ட் இல்லை, பயப்படாதீர்கள் என்று டீ குடித்துவிட்டுப் போனான். ஊரிலிருந்து வந்த மாமியார் கையை ஊன்றப் போய்த் தடுமாறினார். "மாப்பிள்ளை, நிக்கிறதுன்னா ஒழுங்கா நிக்கச் சொல்லுங்க, இல்லேன்னா கிளம்பச் சொல்லுங்க" என்றார். மனைவி மட்டும் எப்போதாவது கேட்டாள்.

"எவ்வளவு ஆச்சுங்க?"

"முக்கால்வாசி."

அவள் அதை நம்பி, அந்த 'முக்கால்வாசி'யை வார்டு முழுக்கக் கொண்டுபோனாள். பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றார். பலகையில் அவர் கடைசியாக எழுதியது அப்படியே இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ஹால் கோடு டியூட்டிக்குக் கிளம்பிய மனைவி பின்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டது. அவள் குடையை மறந்திருந்தாள். அதைக் கொடுக்கப் போனவன் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான். கோடு பலகைக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சில், பலகையைத் தப்பாகப் படித்து வேறு நாளில் வந்துவிட்ட பழைய பஸ் கண்டக்டர், வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மெஷின் கிடைக்கவில்லை.

"சிஸ்டர், இது நம்ம பேத்தி கம்ப்யூட்டர்ல நிக்கிறதுதானே? எழுத எழுத நகரும். ஒண்ணுமே எழுதலேன்னாதான் இப்படி ஒரே இடத்துல நிக்கும்."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவியின் முகம் காதுவரை சிவந்தது. ஒரு கணம்தான்.

"எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைங்கய்யா. என்னென்ன வேணும்னு நான்தான் இன்னும் ஒழுங்கா சொல்லலை."

"அப்படியா? சரி, சரி. நீங்க சங்கடப்படாதீங்கம்மா" என்று கண்டக்டர் காலை மெல்ல மடக்கிக்கொண்டார். வாசலில் நின்றவன் கையிலிருந்த குடை சொட்டச் சொட்ட, தரையில் குளம் கட்டியது. அப்படியே ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். நாற்காலி ஒன்றைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

வார்டு மூலையில் கிடந்த கம்ப்யூட்டரில் கருநீலமும் இல்லை, அவன் தேர்ந்தெடுத்த எழுத்துருவும் இல்லை. வெறும் நோட்பேட். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. இணையத்திலிருந்து மொழியை மட்டும் இறக்கிக்கொண்டான். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆரம்பப் பாடத்தை எல்லோர் முன்னாலும் எழுத்துக்கூட்டிப் படித்தான். முதல் வரி தப்பு. திருத்தினான், அதுவும் தப்பு. மூன்றாவது ஓடியது. திரையில் கண்டக்டரின் பெயர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்ற கோடு சுவரோரமாக ஒரு பெயரின் அகலத்துக்கு நகர்ந்தது.

"நகருது சிஸ்டர்!" என்றார் கண்டக்டர்.

மழைக்காலம் முடிவதற்குள் போன்களுக்கு முறை வர ஆரம்பித்தது. பார்க்க அழகில்லாத புரோகிராம்; ஆனால் அதன் பிறகு யாரும் தப்பான நாளில் வரவில்லை. கோடு கடைசிக் கட்டில் வரை போய் நின்றுகொண்டது. கண்டக்டர் மெஷினில் படுத்திருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறார். மனைவியைக் கூப்பிட வரும்போதெல்லாம் அவன் மட்டும் அதைத் தலைகுனிந்து தாண்டுகிறான்.

வீட்டுக் கோடுகள் போகவில்லை. எழுதாமல் மூடிய கோப்புகளுக்காக முளைத்தவை அவை. இனி எதை எழுதினாலும் அது அந்தக் கோப்புகள் ஆகாது. மனைவி அவற்றைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டாள். 'முக்கால்வாசி'யைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும், நாற்காலியை இழுத்துப் போட்டபடி, "இதுல சாஞ்சுடாதீங்க. இருக்கற மாதிரியே இருக்கும், நம்பினா விழுந்துடுவீங்க" என்கிறாள். சொல்லும்போது கணவன் பக்கம் பார்ப்பதில்லை. அவன் எழுந்து டீ போடப் போய்விடுகிறான்.